சாலையும் சிங்கி இறாலும்

இறைவன் உண்டாக்கிய ஓர் உயிரினத்தை மனிதன் அடியோடு இல்லாமற் செய்துவிடலாமா? கூடாது என்று நாம் அனைவரும் உடனே விடை கூறிவிடுவோம். புலியையும் யானையையும் மனத்தில் வைத்துக்கொண்டு கூறும் விடை அது. அந்த உயிரினம் ஒரு விரல் நீளமே உடையது, ஓடைக் கல்லுக்கடியில் ஒளிந்து வாழ்வது, அவ்வூரார் பலருமே கண்டிராதது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எதிரே நிற்பது ஓர் ஏழை மாவட்டத்து மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் சாலை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் அதே விரைவில் அதே விடை நம் வாயில் வருமா?

இது கற்பனை வழக்கு அன்று. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரின் நிலக்கரிப் பகுதியில், கயண்டாட் என்றோர் ஆறு பிறந்து, ஹன்டிங்டன் நகரில் ஒகையோ பேராற்றோடு கலக்கிறது. அதன் மேற்பகுதியில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாத ஒருவகை நன்னீர்ச் சிங்கி இறால் வாழ்கிறது. இவ்வகை உயிர்களை ஆங்கிலத்தில் கிரேஃபிஷ் என்பார்கள். அமெரிக்க நடுவண் அரசின் மீன் மற்றும் வனவுயிர்த் துறை 2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இதனை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவித்தது. அப்போது வயோமிங் என்னும் ஒரே மாவட்டத்தில், பினக்கிள், கிளியர் ஃபோர்க் என்னும் இரண்டே ஓடைகளில் இது எஞ்சியிருப்பது அறியப்பட்டிருந்தது. அண்டையிலுள்ள பிக் சாண்டி ஆற்று நீர்ப்பிடிப்பில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 2014 வரை இரண்டையும் ஒரே இனமாகவே கருதியிருந்தார்கள். அவ்வாண்டில்தான் அறிவியலார் வேறு வேறு எனப் பிரித்தறிந்தனர். அந்த உடன்பிறப்பும் அதே 2016 அறிவிப்பில், சற்றே குறைந்த அபாயநிலையில், பட்டியலுக்குள் வந்துவிட்டது. பெயர் பெற்ற இரண்டாம் ஆண்டிலேயே அழிவோர் பட்டியலிலும் இடம்!

நம் நாட்டு ஆறுகளில் இவ்வகை இயற்கையாக இல்லை. ஆகையால் தமிழில் இதற்கெனத் தனிப்பெயரும் இல்லை. கடற்கரைப் பங்குகளில் உள்ளவர்கள் சிங்கி இறாலை நன்கு அறிவார்கள். அதையே மனத்தில் கொண்டு, அளவில் மிகவும் சுருக்கி, நண்டுக்கு இருப்பதுபோல் இரண்டு கவ்வுக்கால்களை முன்னே பொருத்திக்கொண்டால் ஏறக்குறைய இதன் உருவம் கிடைத்துவிடும். 10 சென்டிமீட்டர் நீளம் வளர்ந்தால் அது பெரியது. ஆயுள் 5 முதல் 7 ஆண்டுகள். வேகமாக ஓடும் தெளிந்த நீரில், பெரிய பலகைக் கற்களுக்கு அடியில் அது தங்கும். சருகு, புழு, செத்த மீன் என்று கிடைத்ததைத் தின்னும். தாய் தன் முட்டைகளை வாலின் அடியில் ஒட்டவைத்துச் சுமந்து திரியும். குஞ்சுகள் வெளிவந்த பிறகும் சிலகாலம் அவற்றைத் தன் உடலோடு வைத்துக் காக்கும்.

அதற்கு வீடாக அமைவது கல்லுக்கும் படுகைக்கும் இடையே இருக்கும் வெற்றிடம். அந்த இடைவெளியை மட்டும் நிரப்பிவிட்டால் போதும்; வலை வேண்டுவதில்லை, நஞ்சு வேண்டுவதில்லை. ஓடை முன்போலவே ஓடும். கல்லும் அங்கேயே கிடக்கும். நிழற்படம் எடுத்தால் அழகாகவே இருக்கும். குடியிருக்கத்தான் இடம் இராது. ஒளிய இடமற்ற இறால் மீனுக்கு இரையாகும். அல்லது அடுத்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும். இடைவெளியை நிரப்புவது நுண்ணிய வண்டல்.

மலைச்சரிவில் சாலை அமைக்கும்போது ஒருபுறம் வெட்டி மறுபுறம் கொட்டுகிறார்கள். மரங்களின் வேர் பிடித்து வைத்திருந்த மண் அப்போது திறந்தவெளிக்கு வருகிறது. ஒரு பெருமழை பெய்தால் அது பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. பள்ளத்தில் இருப்பது ஓடை. இது கட்டுமானக் காலத்துத் தீங்கு. சாலை முடிந்த பின்னும் தீங்குகள் உண்டு. ஓடையைக் கடக்கும் இடத்தில் பாலம் கட்டாமல் பெரிய குழாயைப் பதித்து மேலே மண்ணை மூடிவிட்டால், குழாய்க்குள் நீர் மிகுந்த வேகம் கொள்கிறது. குழாயின் வாயிலிருந்து சிறு அருவிபோல் விழவும் செய்கிறது. கீழே இருக்கும் உயிர் மேலே ஏற இயலாது. ஒரே ஓடை இரண்டு தனித்தனித் தீவுகளாகிவிடுகிறது. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பும் கடைசியில் ஓடையையே அடைகிறது.

நியாயம் தவறாமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இறாலின் துன்பத்திற்குச் சாலை மட்டும் காரணமன்று. முதற் காரணமும் அன்று. நிலக்கரிச் சுரங்கம், காடு வெட்டுதல், எரிவாயுக் கிணறுகள், தார் போடாத மண்பாதைகள் யாவும் அரசின் அறிவிப்பில் சாலைப் பணிகளோடு சேர்த்தே எண்ணப்பட்டுள்ளன. பினக்கிள் ஓடையில் பொழுதுபோக்கிற்காக நாற்சக்கர வண்டிகளை ஓட்டிவருவோர் ஓடைப்படுகையையே பாதையாக்கிக்கொண்டதும் அவற்றுள் ஒன்று. இறால் குடியிருக்கும் கல்லின்மேல், விளையாட்டுக்காகச் சக்கரம் ஏறுகிறது. சாலையின்றித் தவிப்பவரின் வழக்கையும் இந்த வழக்கையும் ஒரே தராசில் வைப்பதற்கு எனக்கு மனமில்லை.

ஏனெனில் சாலையின்றித் தவிப்பவரின் வழக்கு வலுவானது. அந்த மலைப்பகுதியில் பள்ளத்தாக்குகள் மிகக் குறுகியவை. வீடு, பழைய சாலை, இருப்புப்பாதை, ஓடை ஆகிய நான்கும் ஒரே சிறு அகலத்திற்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. நிலக்கரித் தொழில் சுருங்கிய பின் வேலையும் சுருங்கியது, இளைஞர்கள் வெளியேறினர். ராலே, வயோமிங், மக்டவல் ஆகிய மாவட்டங்களின் ஊடே வர்ஜீனியா எல்லைவரை திட்டமிடப்பட்ட நிலக்கரிப்பகுதி விரைவுச்சாலை பல்லாண்டுகளாகப் பகுதி பகுதியாகவே எழுந்துவருகிறது. மருத்துவமனைக்கு வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் நேரத்தை எண்ணுகிறவர்கள் அதை எதிர்நோக்குவது இயல்பு. நம் மலைக்கிராமங்களிலும் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை டோலி கட்டித் தோளில் சுமந்து இறங்குகிறார்கள். அதை அறிந்த எவரும் சாலை கேட்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்லத் துணியார்.

அண்மையில் எம் பங்கின் அன்பியக் கூட்டமொன்றில் இந்தச் செய்தியைப் பேசியபோது, நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுந்து, "சாமி, மனுசன் போய்ச்சேர வழியில்லாதபோது இறாலுக்கு வழக்குப் பேசலாமா?" என்று கேட்டார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அவர் கேள்விக்குத் திருச்சபையின் போதனையிலேயே ஆதரவு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்று கூறுகிறது. அதே மூச்சில், மனிதத் துயரைப் போக்க முதலில் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. நம் ஆண்டவரும், ஒரு சிட்டுக்குருவிகூடத் தந்தைக்குத் தெரியாமல் தரையில் விழுவதில்லை என்று கூறிவிட்டு, அக்குருவிகள் பலவற்றினும் நீங்கள் மேலானவர்கள் என்று சேர்த்துச் சொன்னார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இயற்கை அன்பர் சிலர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரியவர் போன்றோர் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள்.

மனிதன் மேலானவன் என்பதை மறுக்க நான் வரவில்லை. அந்த உண்மையிலிருந்து இந்த வழக்கின் தீர்ப்பு தானாகப் பிறந்துவிடுமா என்பதே நம் வினா. இங்கே புனித தாமஸ் அக்வினாஸ் நமக்கு உதவுவார். விலங்குகள் மனிதனின் பயன்பாட்டிற்கென அமைந்தவை என்று தயங்காமல் எழுதியவர் அவர். ஆகவே அவரை உணர்ச்சிவயப்பட்டவர் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. படைப்பில் ஏன் இத்தனை வகைகள் என்ற கேள்விக்கு அவர் தரும் விடை ஆழமானது. இறைவனின் நன்மைத்தனத்தை எந்த ஒரு படைப்பாலும் நிறைவாக வெளிப்படுத்த இயலாது. எனவே ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்பும்படி இறைவன் பலவற்றைப் படைத்தார் என்கிறார். அழியக்கூடிய பொருள்களில் இயற்கையின் நோக்கம் தனி உயிரைக் காப்பதைவிட இனத்தை நிலைநிறுத்துவதே என்றும் அவர் கருதுகிறார்.

இதிலிருந்து, நம் பேச்சில் அடிக்கடி மயங்கிப்போகும் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஓர் இறாலைப் பிடித்து உண்பது வேறு. இறால் என்ற வகையையே முடித்துவிடுவது வேறு. முன்னது பயன்பாடு, மீனவர் பேதுருவின் தொழிலும் அதுவே. பின்னது, தாமஸின் சொற்பொருளின்படி பார்த்தால், இறைநன்மையை எடுத்துரைக்கும் குரல்களில் ஒன்றை நிரந்தரமாக அடைத்துவிடுவது. முன்னதற்கு உரிமை இருப்பதால் பின்னதற்கும் உரிமை உண்டு என்று வாதிடுவது, தோட்டத்துக் கனியைப் பறிக்கலாம் என்பதால் மரத்தையே வேரோடு பிடுங்கலாம் என்று குத்தகைக்காரன் வாதிடுவது போன்றது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ், ஓர் இனம் முற்றிலும் அழியக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. 1796இல் பிரெஞ்சு அறிஞர் குவியர் யானை இனங்களின் எலும்புகளை ஒப்பிட்டுக் காட்டிய பிறகே அது அறிவியல் உண்மையாக நிலைபெறத் தொடங்கிற்று. அவர் அறியாத ஒன்றை அறிந்திருப்பதனால் நம் பொறுப்பு அவரது பொறுப்பினும் கூடியதாகிறது.

"அதனால் மனிதனுக்கு என்ன பயன்?" என்ற கேள்வி அடுத்து வருகிறது. பயன் இல்லாமலில்லை. சருகையும் செத்தவற்றையும் தின்று ஓடையைத் துப்புரவாக்குகிறது. பிற உயிர்களுக்கு உணவாகிறது. அது இருக்கும் ஓடை நல்ல ஓடை என்பதற்குச் சான்றாகிறது. ஆயினும் இந்த வாதத்தில் எனக்கு முழு ஈடுபாடு இல்லை. பயனைக் காட்டி ஓர் உயிரைக் காக்கப் புகுந்தால், பயன் குறைந்தது என்று நிறுவப்பட்ட நாளில் அதைக் கைவிடவும் நேரும். படைப்புகளை நம் வசதியையும் வசதிக்குறைவையும் வைத்து மதிப்பிடலாகாது. தம் இயல்பிலேயே அவை படைத்தவருக்கு மாட்சி தருகின்றன என்று புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகரம்' என்ற நூலில் விளக்குகிறார். விவிலியத்தைப் பாருங்கள். துடுப்பும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்களை இஸ்ரயேலர் உண்ணலாகாது என்கிறது லேவியர் நூல். நம் இறால் அந்த விலக்குப் பட்டியலைச் சேர்ந்தது. அதனால் அவர்களுக்கு உணவுப்பயன் சிறிதும் இல்லை. அதே இஸ்ரயேலரின் தொடக்கநூல், நீரில் ஊர்வன அனைத்தையும் கடவுள் நல்லதெனக் கண்டார் என்று கூறுகிறது. நோவாவுக்குத் தரப்பட்ட கட்டளையிலும் தூய்மையற்ற விலங்குகள் விடுபடவில்லை. அவையும் இணையிணையாகப் பேழைக்குள் ஏற்றப்பட்டன. உண்ணத் தகாததாயினும் காக்கத் தக்கது என்ற தெளிவு அக்கட்டளையில் உள்ளது.

சரி, சாலை அமைப்பவர் இறாலை அழிக்கவேண்டும் என்றா அமைக்கிறார்? இல்லை. அவர் நாடுவது சாலை, அழிவு பக்கவிளைவு. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவருக்கும் இங்கே இரட்டை விளைவு நெறி நினைவுக்கு வரும். நன்மையும் தீமையும் சேர்ந்து விளையும் ஒரு செயலைச் செய்யலாம். ஆனால் செயல் தன்னளவில் தீயதாக இருத்தலாகாது, தீமையை நாம் விரும்பியிருக்கக்கூடாது, தீமை நன்மைக்கு வழியாக அமையக்கூடாது, தீமையைப் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவுக்குப் போதிய காரணம் இருக்கவேண்டும். முதல் மூன்றிலும் சாலை எளிதில் தேறிவிடுகிறது. நான்காவதில்தான் நின்று பேசவேண்டியிருக்கிறது. போதிய காரணம் என்பதற்குள், தீங்கு குறைந்த வேறு வழி கைவசம் இருந்தால் அதையே கொள்ளவேண்டும் என்பதும் அடங்கும்.

வேறு வழிகள் உண்டா? பெரும்பாலும் உண்டு. ஓடையைக் குழாய்க்குள் அடைக்காமல், கால்கள் நீரில் இறங்காதபடி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாவும் பாலம் அமைக்கலாம். வெட்டிய சரிவை மாதக்கணக்கில் திறந்து போடாமல் உடனுக்குடன் வைக்கோல் பரப்பி, புல் விதைத்து மூடலாம். மண்கலந்த மழைநீரைத் தேக்கித் தெளியவைத்த பிறகே ஓடைக்கு விடலாம். முட்டை சுமக்கும் பருவத்தில் நீருக்குள் இயந்திரங்களை இறக்காமல் இருக்கலாம். கரையோரத்து மரங்களை விட்டுவைத்துச் சாலையைச் சற்றுத் தள்ளி எடுக்கலாம். இவற்றுள் எதுவும் புதுமையானதன்று. பொறியியல் மாணவர் அறிந்தவையே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 35ஆம் எண்ணில் நெடுஞ்சாலைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவை வாழிடங்களைத் துண்டாடுவதையும், தீங்கைக் குறைக்கும் மாற்றுவழிகள் இருப்பதையும் எடுத்துரைத்தார்.

இந்த மாற்றுவழிகளில் பல கூடுதற் செலவை உண்டாக்கும். மறைக்கல்வி நூலின் 2418ஆம் எண் மீண்டும் நம்முன் வந்து நிற்கிறது: அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுக்கலாகாதா? இவ்வினாவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது சரியான இடத்தில் கேட்கப்படுகிறதா என்ற ஐயம் எனக்குண்டு. பிறர் பொருளைச் சேதப்படுத்தாமல் என் வீட்டைக் கட்ட ஆகும் செலவு, என் வீட்டின் செலவே ஆகும்; அயலானுக்கு நான் இடும் தருமம் ஆகாது. ஓடையைக் கெடுக்காமல் சாலை போட ஆகும் செலவும் அவ்வாறே சாலையின் விலையில் ஒரு பகுதி. அதை 'இறாலுக்குச் செய்த செலவு' என்று கணக்கெழுதும்போதுதான் ஏழையின் தட்டிலிருந்து எடுத்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. குழாய்க்கும் பாலத்துக்கும் உள்ள விலை வேறுபாட்டைச் சேமித்தால், அந்தப் பணம் ஏழைக்குப் போய்ச்சேரும் என்று யாராவது உறுதி கூறியதுண்டா?

ஏழையின் பெயரை எடுத்து வாதிடுவோரிடம் கேட்கவேண்டிய மற்றொன்றும் இருக்கிறது. அந்தச் சாலையில் யாருடைய வண்டி ஓடப்போகிறது? விரைவுச்சாலையின் வர்ஜீனியாப் பகுதியில், நிலக்கரி நிறுவனம் மலையைத் தகர்த்து நிலக்கரியை எடுத்துக்கொள்வது, எஞ்சும் சமதளத்தைச் சாலைக்கென விட்டுக்கொடுப்பது என்ற திட்டம் பல ஆண்டுகள் பேசப்பட்டது. அத்தகைய திட்டத்தில் சாலை முதலா சுரங்கம் முதலா என்று கேட்பதில் தவறில்லை. அப்பலாச்சியப் பகுதியின் கத்தோலிக்க ஆயர்கள் 1975ஆம் ஆண்டில் 'இந்த நிலமே எனக்கு இல்லம்' என்ற பொருள்படும் மேய்ப்புப்பணி மடலொன்றை வெளியிட்டார்கள். அம்மலைமக்கள் தம் நிலத்தின்மீதே அதிகாரமற்றுப் போனதைப் பற்றியது அம்மடல். நிலத்தடியிலிருந்த செல்வம் வெளியே போக, வறுமை மட்டும் ஊரில் தங்கிவிட்ட கதை அது. 20 ஆண்டுகளுக்குப் பின், 1995இல், அதே வழியில் இரண்டாவது மடல் வந்தபோது, மக்களின் துயரோடு காடும் நீரும் உயிர்களும் அடையும் துயரையும் இணைத்தே பேசிற்று. முதல் மடலிலிருந்து இரண்டாவதற்கு வந்துசேர்ந்தது திசைமாற்றமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்குள்ள குருக்களும் துறவியரும் அந்த மக்களோடு வாழ்ந்து கண்டதன் தொடர்ச்சி அது.

ஏனெனில் இறாலைக் கொல்லும் அதே கை அம்மக்களையும் கொன்றிருக்கிறது. 1972 பிப்ரவரி 26ஆம் நாள், கயண்டாட் ஆற்றின் கிளையான பஃபலோ ஓடையின் தலைப்பகுதியில், நிலக்கரிக் கழிவைக் கொட்டி எழுப்பியிருந்த அணை உடைந்தது. கருஞ்சேற்று வெள்ளம் பள்ளத்தாக்கில் இறங்கி 125 பேரைக் கொண்டுசென்றது. 2001 ஜூலையில் வயோமிங் மாவட்டத்து மல்லன்ஸ் நகரை வெள்ளம் பாழாக்கியது. மரமிழந்த சரிவு நீரைப் பிடித்து வைப்பதில்லை என்பதை அம்மக்கள் இறாலைப் பற்றிக் கேள்விப்படும் முன்பே அறிந்திருந்தார்கள். கல்லுக்கடியில் வண்டல் சேர்வதும் வாசற்படியில் சேறு ஏறுவதும் ஒரே மழையின், ஒரே மொட்டைச் சரிவின் இரு விளைவுகள். பெரியவரின் கேள்வியில் மனிதனும் இறாலும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் ஒரே கரையில் நிற்கிறார்கள்.

ஆயினும் எல்லா வழக்கும் இப்படி இனிதாக முடிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இருவரில் ஒருவரே பிழைக்கமுடியும் என்ற நிலை வந்தால்? அமெரிக்கச் சட்டம் இதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. டென்னசி மாநிலத்தில் டெல்லிக்கோ என்னும் அணை, ஸ்னெயில் டார்ட்டர் என்ற சிறு மீனை அழித்துவிடும் என்று எழுந்த வழக்கில், 1978இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அணைக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, ஓர் இனம் அழிந்தாலும் பரவாயில்லை என்று விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஏழுபேர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தார்கள். மக்கள் அதற்கு இட்ட பட்டப்பெயர் 'கடவுள் குழு'. இறையியல் படிக்காதவர்கள் இட்ட பெயர்தான். ஆனால் இத்தனை பொருத்தமாக எந்த இறையியலாளரும் பெயரிட்டிருக்க முடியாது. அக்குழு 1979 ஜனவரியில் கூடி, அணைக்கு விலக்களிக்க ஒருமனதாக மறுத்துவிட்டது. மீனின்மேல் கொண்ட இரக்கத்தால் அன்று; கணக்குப் பார்த்தபோது அணையே பொருளாதார முறையில் தேறவில்லை! பிறகு நாடாளுமன்றம் அதே ஆண்டில் தனிச் சட்டவிதி மூலம் அணையை முடிக்க வைத்தது. மீன் வேறு ஆறுகளில் விடப்பட்டும், வேறிடங்களில் கண்டறியப்பட்டும் பிழைத்தது; 2022இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

உண்மையிலேயே உயிருக்கு உயிர் என்று வந்தால், மனித உயிரைத் தேர்ந்துகொள்ளத் தயங்கேன். ஒரு கிராமத்தார் மருத்துவம் பெற வேறு வழியே இல்லை, ஓடையைக் காக்கும் முறையில் சாலை அமைக்கவும் வழியே இல்லை என்று நேர்மையாக மெய்ப்பிக்கப்பட்டால், சாலை போடத்தான் வேண்டும். அதை மெய்ப்பிக்கும் கடமை சாலை போடுபவரைச் சேர்ந்தது. வாயில்லா உயிரைச் சேர்ந்ததன்று. ஆனால் சாலைத் திட்டங்களின் நியாயங்களைப் படித்துப் பார்ப்பவர்கள், அங்கே பெரிதும் எண்ணப்படுவது மிச்சமாகும் நிமிடங்கள் என்பதைக் காண்பார்கள். உயிருக்காக ஓர் இனம் இழக்கப்படுவதும், பத்து நிமிடத்திற்காக இழக்கப்படுவதும் ஒரே எடையுள்ளவை என்று எனக்குக் கற்பித்த அறநெறி இறையியல் எதிலும் இல்லை.

வேலை முடிந்ததும் வண்டல் தெளிந்துவிடும், உயிர்கள் திரும்பிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. பக்கத்து ஓடையில் உறவினர் இருந்தால் திரும்பலாம். இரண்டே ஓடைகளில் எஞ்சியிருப்பதற்குப் பக்கத்து ஓடை ஏது? ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், உலகின் நன்னீர் முதுகெலும்பிலிகளுள் மிகப் பெரியதான மற்றொரு சிங்கி இறால் வாழ்கிறது. அதன் பெண் இனப்பெருக்கத்திற்கு முதிர 14 ஆண்டுகள் ஆகும். அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறையே முட்டையிடும். அங்கும் பாதைகளிலிருந்து இறங்கும் வண்டலும், ஓடையைத் தடுக்கும் குழாய்களும் அதற்குப் பகையாகவே உள்ளன. இரண்டு மழைக்காலம் நீடிக்கும் ஒரு கட்டுமானம் மனிதக் கணக்கில் குறுகியது. அந்த உயிரின் கணக்கில் அப்படியன்று.

பாவ அறிக்கைக்கு முன் மனச்சான்றை ஆய்ந்து பார்க்க நாம் தரும் சிறு கையேடுகளில் ஓடையைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை. 1990ஆம் ஆண்டு உலக அமைதி நாளுக்கெனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட செய்தி, படைப்பைப் பேணுவது நம்பிக்கை வாழ்வின் கடமைகளுள் ஒன்று என்று தெளிவாக்கிவிட்டது. கையேடுகளோ இன்னும் அங்கு வந்து சேரவில்லை. நம் பங்குகளிலும் ஒப்பந்தக்காரர் இருக்கிறார்கள், பொறியாளர் இருக்கிறார்கள், மதிப்பீட்டில் கையொப்பமிடும் அலுவலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்படியொரு கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மேற்கு வர்ஜீனியாவில் கேட்கிறார்கள், குறைந்த அளவிலேனும். 2022 மார்ச்சில் அந்நாட்டு அரசு இவ்விரு சிங்கி இறால்களுக்கும் சேர்த்து, மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீள ஓடைகளையும் ஆறுகளையும் இன்றியமையாத வாழிடம் என்று அறிவித்தது. இதனால் அங்கே சாலையே போடக்கூடாது என்றாகிவிடவில்லை. நடுவண் அரசின் பணமோ அனுமதியோ பெற்று அந்த நீர்நிலைகளைத் தொடும் பணி எதுவாயினும், தொடுமுன் வனவுயிர்த் துறையோடு கலந்து, எப்படிச் செய்யப்போகிறோம் என்பதை எழுத்தில் சொல்லவேண்டும். பெரியவரிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் யோசித்தார். பிறகு, தாவிச் செல்லும் பாலத்திற்கு எத்தனை அடி இடைவெளி வரைக்கும் அங்கே அனுமதிக்கிறார்கள் என்று கேட்டார்.